எரியோடு... ஊருக்கே ஒரு அடுப்பு!

எரியோடு!

பேரைக் கேட்டதுமே நாக்குல லேசா காரம் ஏறுதா? ஏறட்டும். இந்த வாரம் உங்களைக் கூட்டிட்டுப் போறது அங்கேதான்.

திண்டுக்கல்லில் இருந்து வடக்கே 20 கிலோமீட்டர் சொச்சம். வேடசந்தூர் தாலுகாவில் ஒரு பேரூராட்சி. திண்டுக்கல் - கரூர் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். 'அங்க பார்க்க என்ன பாஸ் இருக்கு?'னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். டூரிஸ்ட் கைடுல தேடினா இந்தப் பேர் சிக்காது. ஆனா நாம போறது பார்க்குறதுக்கு இல்லீங்க, சாப்பிடுறதுக்கு!

திண்டுக்கல் மாவட்டம்னாலே எல்லாருக்கும் ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. இன்னொண்ணு பிரியாணி. 1957-ல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ்னு ஆரம்பிச்ச கடைதான், அவர் கட்டியிருந்த தலைப்பாகையால 'தலப்பாக்கட்டி' ஆகி, சீரக சம்பா வாசத்தோட இன்னிக்குக் கடல் தாண்டிப் போயிருக்கு. பெருமைதான், இல்லைனு சொல்லல. ஆனா பிரியாணி வாரத்துல ஒருநாள் சமாச்சாரம். மீதி நாள்ல இந்த மண்ணு என்ன சாப்பிடுது? யார் சமைக்கிறாங்க? யாருக்காக?

பதில், நாலு சக்கரத்துல நிக்குது. தள்ளுவண்டி! உங்க பாஷையில சொன்னா, கையேந்தி பவன்!

காலை 5.30: ஆவி பறக்குது

பஸ் ஸ்டாண்டு பக்கம் வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி இறங்குங்க. வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறைனு நாலா பக்கமும் பஸ் கிளம்பற நேரம். டீக்கடை பாய்லர் அதுக்கு முன்னாடியே கொதிச்சுட்டு இருக்கும். பக்கத்துலயே ஒரு இட்லிக் கடை. கடைனா போர்டு, கல்லாப்பெட்டி எல்லாம் தேடாதீங்க. ஒரு அடுப்பு, ஒரு இட்லிக் கொப்பரை, ரெண்டு வாளி... ஒண்ணுல சாம்பார், ஒண்ணுல சட்னி. முடிஞ்சது.

யாரு சாப்பிடுறாங்கன்னு கொஞ்சம் கவனிங்க. வேடசந்தூர் சுத்துவட்டாரம் முழுக்க நூற்பாலைகள். மில்லுல ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு கண்ணெரிச்சலோட வர்றவங்க, காலை ஷிப்ட்டுக்கு மில் வேன் பிடிக்க ஓடுறவங்க, வியாழக்கிழமைன்னா அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குக் குட்டியோட கிளம்பினவங்க. அப்புறம் முக்கியமா நம்ம ஆளுங்க! திண்டுக்கல் காலேஜுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கிற பசங்களும் பொண்ணுங்களும். அம்மா அஞ்சு மணிக்கே வேலைக்குக் கிளம்பிட்ட வீட்டுல, ஆறு மணிக்கு யாரு இட்லி ஊத்துவா?

அந்த வண்டிக்கார அக்கா ஊத்துவாங்க. அவங்க உங்களுக்கு இட்லியை வைக்கும்போதே, "என்ன தம்பி, பரீட்சை முடிஞ்சுதா? முகம் ஏன் இப்படி வாடியிருக்கு?"ன்னு ஒரு கேள்வி கேட்பாங்க பாருங்க... எந்த ஹோட்டல் சர்வரும் கேட்காத கேள்வி அது.

மதியம்: பானைக்குள்ள ஏ.சி.

வெயில்னா அப்படி ஒரு வெயில். மழை கம்மியான பூமி இது. கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளையற மேட்டாங்காடு. அதனால வண்டியிலயும் அதேதான் வரும். மண் பானையில கம்மங்கூழ், மோர் கலந்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு. தொட்டுக்க மோர் மிளகாய், மாங்காய்ப் பத்தை, வத்தல். ஒரு செம்பு குடிச்சா நாலு மணி வரைக்கும் வயிறு வாயைத் திறக்காது.

'இதெல்லாம் இப்ப ஸ்டார் ஹோட்டல்ல மில்லட் ஸ்மூத்தினு விக்கிறாங்க பாஸ்'னு சொல்றீங்களா? கரெக்ட். ஐ.நா. சபையே 2023-ம் வருஷத்தைச் சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுது. நம்ம கூழ் வண்டிக்கு அந்த நியூஸ் வந்து சேர்ந்துச்சோ என்னவோ... அது பாட்டுக்குப் புளிய மர நிழல்ல நின்னுக்கிட்டு இருக்கு!

சாயங்காலம் 4.30: வடைச்சட்டி நேரம்

இதுதான் பிரைம் டைம். காலேஜ் பஸ் வந்து நிக்கும், ஸ்கூல் விட்டிருக்கும், மில்லுல ஷிப்ட் மாறியிருக்கும். எண்ணெய்ச் சட்டியில இருந்து வர்ற 'சொய்ங்' சத்தம்தான் பெல். உளுந்த வடை, பருப்பு வடை, மிளகாய் பஜ்ஜி, முட்டை போண்டா. தேங்காய்ச் சட்னியில முக்கி எடுத்து வாயில போட்டா... ஸ்ஸ்... ஆ... (மிளகாய் பஜ்ஜியை முழுசாக் கடிக்காதீங்கன்னு அப்பவே சொன்னோம்ல?)

ஒரு வடையை மூணு பேர் பிச்சுத் தின்ன நட்புக்கு ஈடு உண்டா? லவ் சொன்னதும் சொதப்பினதும், அரியர் கணக்கு எழுதினதும், வேலை கிடைச்சு ட்ரீட் வச்சதும் எல்லாம் இந்த வடைச்சட்டியைச் சுத்தித்தானே! பாக்கெட்டுல காசு இல்லாத பையனும், காசு இருக்கிற பையனும் ஒரே வாளிச் சட்னியில தொட்டுக்கிற இடம் ஊருல வேற எங்க இருக்கு?

ராத்திரி 8: டங்... டங்... டங்...

இந்தச் சத்தம் கேட்டா விளக்கமே வேண்டாம். கொத்து பரோட்டா! பரோட்டா மாஸ்டர் மாவை விசிறி, சுருட்டி, தட்டி, கல்லுல போட்டு, அடுக்கி வச்சு ரெண்டு கையாலயும் ஒரு அறை அறைவார் பாருங்க... இன்ஜினீயரிங் காலேஜுல சொல்லித்தராத டெக்னிக் அது. மேல சால்னா. பிச்சுப் போட்டு ஊற வச்சா... சரி விடுங்க, எழுதுற எனக்கே பசிக்குது.

இந்த நேரத்துல இன்னொரு விஷயத்தையும் பாருங்க. ஒடிசா, பீகார், ஜார்கண்ட்னு தூர தேசத்துல இருந்து மில் வேலைக்கு வந்த பசங்க நிறைய பேர் இந்த மாவட்டத்துல இருக்காங்க. அவங்களும் அந்த வரிசையில நிப்பாங்க. "அண்ணா, தோ பரோட்டா!" மாஸ்டரும் அசராம, "தோ போதுமா, தீன் வைக்கட்டுமா?"ம்பார். மும்மொழிக் கொள்கையைப் பத்தி சட்டசபையில சண்டை நடக்கலாம். சால்னா வாளிக்கு முன்னாடி சண்டையே கிடையாது!

இப்ப காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பார்த்ததைக் கூட்டிப் பாருங்க. இது நொறுக்குத்தீனி விஷயமே இல்ல. சமைக்க நேரம் இல்லாதவங்க, சமைக்க ஆள் இல்லாதவங்க, சமைக்க அடுப்பே இல்லாதவங்க... இவங்க எல்லாருக்கும் சேர்த்து ஊரே வச்சிருக்கிற பொது அடுப்பு இது.

பாங்காக்குக்கு ஒரு எட்டு!

இதே பொது அடுப்பு ஒரு நாட்டுக்கே உலகப் புகழ் வாங்கிக் கொடுத்திருக்கு, தெரியுமா? தாய்லாந்து!

பாங்காக்ல வாடகை அறைகள் நிறைய, அதுல பலதுல சமையலறையே கிடையாது. ஆபீஸ் விட்டு வர்றவங்க தெரு வண்டியில குழம்பு வாங்குவாங்க. அதைச் சின்ன பிளாஸ்டிக் பையில ஊத்தி, காத்தை அடைச்சு, ரப்பர் பேண்டால ஒரு சுருட்டு சுருட்டிக் கொடுப்பாங்க. நம்ம ஊர் சாம்பார் பார்சல் அதே ஸ்டைல்! மேஜையில சர்க்கரை, மீன் சாறு, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறின வினிகர்னு நாலு கிண்ணம் இருக்கும். நூடுல்ஸ் வந்ததும் அவங்கவங்க நாக்குக்கு ஏத்த மாதிரி கலந்துக்கலாம்.

அவங்க குசலம் விசாரிக்கிறது எப்படின்னு சொல்லட்டுமா? "கின் காவ் ரூ யங்?" அதாவது, "சோறு சாப்டியா?" அட, இது நம்ம அப்பத்தா டயலாக் ஆச்சே!

சொந்தம் அதோட முடியல. பாங்காக் சீலோம் ரோட்டுல, 19-ம் நூற்றாண்டுல அங்க போய்ச் சேர்ந்த தமிழர்கள் கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு. தெருவுல 'ரொட்டி'னு ஒரு வண்டி நிக்கும். மாவை விசிறி மெல்லிசா இழுத்து, உள்ள வாழைப்பழம் வச்சு மடிச்சு, மேல கன்டென்ஸ்டு மில்க் ஊத்திக் கொடுப்பாங்க. பார்த்ததுமே தெரிஞ்சிடும், நம்ம பரோட்டாவுக்கு அது தூரத்துச் சொந்தம். அவங்க மிளகாயும் நம்ம மிளகாயும்கூட ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கதான். 16-ம் நூற்றாண்டு வாக்குல போர்த்துக்கீசியர் மூலமா அமெரிக்கக் கண்டத்துல இருந்து ஆசியாவுக்கு வந்தது.

தாய்லாந்தோட பேமஸ் ஐட்டம் 'சோம் தம்'. பச்சைப் பப்பாளியைச் சீவி, உரல்ல மிளகாய், பூண்டு, எலுமிச்சை எல்லாம் போட்டு நங்கு நங்குனு இடிச்ச சாலட். இது 'ஈசான்'ங்கிற வடகிழக்கு வட்டாரத்துச் சாப்பாடு. வறண்ட பூமி. அங்க இருந்து டாக்சி ஓட்டவும் கட்டட வேலைக்கும் பாங்காக் வந்தவங்க பின்னாடியே உரலும் வந்துச்சு. பிழைக்கப் போனவனுக்குப் பிழைக்கப் போனவளே சமைச்சுப் போட்டா. நம்ம பக்கம் குஜிலியம்பாறையில இருந்து கரூருக்கும் திருப்பூருக்கும் போறவங்க கதை மாதிரி இல்ல?

நட்சத்திரமும் விரட்டலும்

கதையில இங்கதான் ட்விஸ்ட். 2014-ல இருந்து பாங்காக் மாநகர நிர்வாகம், 'நடைபாதை நடக்கிறவங்களுக்கே'ன்னு சொல்லி, வண்டிகள் நிக்க அனுமதிச்சிருந்த இடங்களை ஒவ்வொண்ணா ரத்து பண்ணிக்கிட்டே வந்தது. 2017-ல, உலகத்துலயே தெரு உணவுக்குச் சிறந்த நகரம்னு சி.என்.என். பாராட்டின கொஞ்ச நாள்லயே, 'எல்லாத் தெருவுலயும் வண்டியை எடுத்துடுவோம்'னு அறிவிப்பு வந்தது! உலகமே 'அய்யய்யோ'ன்னதும், 'இல்லல்ல... டூரிஸ்ட் வர்ற யாவோராட், காவ் சான் ரெண்டு தெருவும் இருக்கும்'னாங்க.

அதே 2017 டிசம்பர்ல 'ஜே ஃபை'ங்கிற தெருவோரக் கடைக்கு மிஷலின் கைடு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. எழுபது வயசைத் தாண்டின அம்மா, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, கரி அடுப்புல நண்டு ஆம்லெட் போடுறாங்க. சூப்பர்! ஆனா யோசிங்க. டூரிஸ்ட் போட்டோ எடுக்கிற தெரு தப்பிச்சிடுச்சு. சாதாரண ஆபீஸ் பொண்ணு தினமும் சாப்பிட்ட சந்து வண்டிக்கு யார் குரல் கொடுத்தா?

எரியோட்டுக்கு டூரிஸ்ட்டே வர்றதில்ல. அப்ப இந்த வண்டிகளுக்கு?

நாமதான்!

சட்டம் என்ன சொல்லுதுன்னா...

ரோடு அகலப்படுத்துறாங்க, அமைச்சர் வர்றார், ஆக்கிரமிப்பு அகற்றம்... எந்த ஊர்லயும் முதல்ல நகர்ற பொருள் தள்ளுவண்டிதான். சக்கரம் இருக்குல்ல! அது நகர்ந்தா அந்த அக்கா வீட்டு அடுப்பு மட்டும் அணையாது. காலை பஸ்ல போற ஐம்பது பேரோட இட்லியும் போச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு. நடக்கிறவங்களுக்கு ரோட்டோரம் வேணும். கைக்குழந்தையோட வர்றவங்க, வயசானவங்க லாரிக்கு நடுவுல நடக்க முடியுமா? அதனாலதான் ரெண்டு பேருக்கும் இடம் பிரிச்சுக் கொடுக்க ஒரு சட்டம் வந்தது. தெரு வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு விற்பனை முறைப்படுத்தல்) சட்டம், 2014. பேருதான் நீளம், விஷயம் சிம்பிள்.

உள்ளாட்சி அமைப்பு, குறைஞ்சது 5 வருஷத்துக்கு ஒரு தடவை தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்கணும். அவங்களுக்கு விற்பனைச் சான்றிதழ் கொடுக்கணும். அந்தப் பகுதி மக்கள்தொகையில 2.5 சதவீதம் வரைக்கும் இருக்கிற வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கணும். கணக்கெடுப்பு முடிஞ்சு சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும் யாரையும் விரட்டக் கூடாது. இடம் மாத்துறதா இருந்தா 30 நாள் முன்னாடி நோட்டீஸ் தரணும். இதையெல்லாம் பேசி முடிவு பண்ற நகர விற்பனைக் குழுவுல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிகளே இருக்கணும். அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள்!

சட்டம் மாநகராட்சிக்கு மட்டும் இல்லீங்க. பேரூராட்சிக்கும் உண்டு. உங்க ஊர்ல வடை போடுற அக்காகிட்ட, "அக்கா, விற்பனைச் சான்றிதழ் வச்சிருக்கீங்களா?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதிலைப் பொறுத்து உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.

தண்டல் கணக்கு

காமர்ஸ் படிக்கிற ஃப்ரெண்ட் யாராச்சும் பக்கத்துல இருந்தா கூப்பிடுங்க. ஒரு கணக்கு.

தள்ளுவண்டிக்கு முதல் எங்க இருந்து வருது? பெரும்பாலும் தண்டல். 10,000 ரூபாய் கடன்னா, 1,000 ரூபாயை முதல்லயே பிடிச்சுக்கிட்டு 9,000 கையில கொடுப்பாங்க. தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். 'என்ன, ஆயிரம் ரூபாதானே'ன்னு தோணும். ஆனா முதல் நாள்ல இருந்தே கட்டிக்கிட்டே வர்றதால, சராசரியா அவங்க கையில நிக்கிறது சுமார் 4,500 ரூபாய்தான். அதுக்கு 100 நாள்ல 1,000 ரூபாய் வட்டின்னா 22 சதவீதம். வருஷக் கணக்குக்குப் போட்டா... கிட்டத்தட்ட 80 சதவீதம்! உங்க அப்பா பைக் லோனுக்கு இந்த வட்டி கேட்டா பேங்க்கையே திருப்பிப் போட்டுடுவார்.

நீங்க தின்ன வடையில ஒரு கடி தண்டல்காரருக்குப் போகுதுங்கிறது இதனாலதான்.

இதுக்கு மாற்றா 2020-ல 'பி.எம். ஸ்வநிதி'ன்னு ஒரு திட்டம் வந்தது. தெரு வியாபாரிகளுக்கு அடமானம் இல்லாத பேங்க் கடன். 2025 ஆகஸ்ட்ல அதை மாத்தி அமைச்சாங்க. முதல் தவணை 15,000, அதை ஒழுங்கா அடைச்சா 25,000, அப்புறம் 50,000. தவறாம கட்டினா 7 சதவீதம் வட்டி மானியமும் உண்டு. 2030 மார்ச் வரைக்கும் திட்டம் நீட்டிக்கப்பட்டிருக்கு. விற்பனைச் சான்றிதழோ, உள்ளாட்சி அமைப்போட பரிந்துரைக் கடிதமோ வேணும். ஆதாரோட இணைச்ச மொபைல் நம்பர் வேணும். ஆன்லைன் ஃபார்ம் நிரப்பணும்.

விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து மாவு கரைக்கிறவங்க, ஓ.டி.பி. எங்க வருதுன்னு எப்பத் தேடுவாங்க?

'அது சரி... சுத்தம்?'

கேட்பீங்கன்னு தெரியும். கேட்கணும். வண்டி மேல பாசம் வேற, வயிறு வேற. நாலே நாலு விஷயம் பாருங்க.

ஒண்ணு, கண் முன்னாடி சூடாப் போடுறாங்களா? கொதிக்கிற சட்டியில இருந்து நேரா தட்டுக்கு வர்றது, ஆறிப் போய் ஈ மொய்க்கிற ஐட்டத்தைவிட எவ்வளவோ மேல். ரெண்டு, தண்ணி. குடிக்கிறதும் தட்டு கழுவறதும் ஒரே வாளியா? அப்படின்னா பார்சல் வாங்கிக்கங்க. மூணு, எண்ணெய். கறுத்துப் போய், நுரை கட்டி, புகை கக்கினா நகர்ந்துடுங்க. திரும்பத் திரும்பக் கொதிச்ச எண்ணெயில சேர்ற போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினா அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 ஜூலையில இருந்து விதி இருக்கு. நாலு, பேப்பர். அச்சடிச்ச நியூஸ் பேப்பர்ல சாப்பாட்டைச் சுத்தக் கூடாது. மை வயித்துக்குள்ள போகும். வாழை இலையைக் கேளுங்க. இல்லைனா உங்க டிபன் பாக்ஸை நீட்டுங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து ஒருமுறை மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கே!

சுத்தத்துக்கும் இடத்துக்கும் சம்பந்தம் உண்டுங்கிறதையும் மறந்துடாதீங்க. நாளைக்கு இங்க நிக்க விடுவாங்களான்னு தெரியாத வண்டிக்கு, குழாய்த் தண்ணியும் குப்பைத் தொட்டியும் யார் கொண்டுவந்து வைப்பா? நிலையா ஒரு இடம் கிடைச்சா, தண்ணி கேட்கலாம், வெளிச்சம் கேட்கலாம், ஆய்வுக்கும் ஆள் வரலாம்.

இனி உங்க பாடு!

அடுத்த லீவுல எரியோடு பக்கம் போங்க. விடியக்காலை இட்லி, மத்தியானம் கூழ், சாயங்காலம் வடை, ராத்திரி பரோட்டா... நாள் முழுக்கத் தின்னாலும் ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் செலவைத் தாண்டாது. எரியோடு தூரமா? பரவாயில்ல. உங்க காலேஜ் கேட் வாசல்லயே ஒரு எரியோடு நிக்குது.

அந்த வண்டிக்கு நீங்க மூணு காரியம் பண்ணலாம். முதல்ல, நோட்டுல இருக்கிற உங்க பழைய பாக்கியைக் கட்டிடுங்க. (யாரைச் சொல்றோம்னு உங்களுக்கே தெரியும்!) ரெண்டாவது, என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரக்கன்று நட்டு போட்டோ எடுத்தது போதும். ஒரு சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து, வண்டிக்காரங்களுக்கு ஸ்வநிதி ஃபார்ம் நிரப்பிக் கொடுங்க. மூணாவது, பேரூராட்சி ஆபீஸ் படியேறி, 'எங்க ஊர்ல நகர விற்பனைக் குழு எப்பக் கூடுச்சு சார்?'னு மரியாதையா ஒரு மனு கொடுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல வந்தது. விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய்தான். ஒரு டீக் காசு!

"சாப்டியா?"ன்னு தினமும் நம்மளைக் கேட்கிறவங்க அவங்க. "நீங்க சாப்டீங்களா அக்கா?"ன்னு நாம திருப்பிக் கேட்க வேண்டிய நேரம் இது.

கேட்டுட்டு, ரெண்டு வடை சேர்த்தே சொல்லுங்க. சட்னி தாராளமா!